கரையிற் பாசறை, தீவில் அன்று

நம் கல்லூரி மாணவருட் சிலர், மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவிற்குச் சென்று, அங்குள்ள தீவொன்றிற் கூடாரமடித்து இரண்டிரவு தங்கிவர விரும்புகின்றனர். அதற்கு வனத்துறையின் தனி இசைவை வேண்டிக் கல்லூரித் தலைவர் வாயிலாக விண்ணப்பம் ஒன்று விடுக்க வேண்டுமென்று விடுதியிலும் உண்டிச்சாலையிலும் சில திங்களாகப் பேச்சு நிகழ்கின்றது. இதுபற்றி எம் கருத்தை ஒளியாது கூறிவிட இம்மலரில் இடங்கேட்டுப் பெற்றோம். பயணம் வேண்டும்; பாசறையும் வேண்டும்; விலங்கியல் பயில்வாரேயன்றித் தமிழ் பயில்வாரும் செல்ல வேண்டும். ஆனால் அப்பாசறை கரையில் அமைய வேண்டுமேயன்றித் தீவில் அமைதல் ஆகாது; அதன்பொருட்டுத் தனி இசைவு கேட்டலும் ஆகாது என்பது எம் துணிபு. பின்னதைக் கேட்டு முகஞ்சுளிக்கும் நண்பர் பலர் என்பதை அறிவோம். அவர்க்காகவே இதனை எழுதுகின்றோம்.

பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் புல்வெளியையும் பூஞ்செடியையும் நினைப்பவர்க்கு ஒன்று கூறுவோம். இப்பூங்காவின் பெரும்பகுதி நீர். தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரத் தீவின் அருகு வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்திற் கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 சிறு தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலையும் சேர்த்துத் தமிழ்நாட்டு அரசு 1986 ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆக்கிற்று. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இதனை நெஞ்சாக வைத்து, 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் அமைக்கப்பட்டது. பவளப்பாறையும் கடற்புல் வெளியும் கண்டற்காடும் அடுத்தடுத்து அமைந்த இடமாதலின் இங்கு வாழும் உயிர்வகைகள் 3,600-க்கு மேற்படும் என்று கணக்கிட்டுள்ளனர். கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசு இங்குண்டு. கரையிலுள்ளோர் அதனை ஆவுளியா என்பர். அவ்வோருயிரின் பொருட்டே வடபுறத்துப் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பை 2022-இல் தனிக் காப்பகமாக ஒதுக்கினர். இந்தியாவில் அத்தகையது அதுவே முதலாவது. குருசடைத் தீவின் பெயரை நம் விலங்கியல் நண்பர் ஒருவகைப் பத்தியோடு கூறுவர். முதுகெலும்புடைய உயிர்களுக்கும் இல்லாதவற்றிற்கும் இடைப்பட்ட பலனோகிளாசஸ் என்னும் புழுவனைய உயிரை அவர்கள் புத்தகப் படத்திற் கண்டிருக்கின்றனர். அது வாழும் மணல் குருசடை மணல். அத்தீவைச் சூழ்ந்த கடலுயிர்களைப் பற்றிச் சென்னை அரசினர் அருங்காட்சியகம் 1927-இலேயே தனி ஏடு வெளியிட்டது.

எமக்கோ அத்தீவுகளின் பெயர்களே போதும். அவற்றைப் படித்துக்கொண்டே ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம். முயல் தீவு, முள்ளித் தீவு, வாழைத் தீவு, தலையாரித் தீவு, பூமரிச்சான், ஆனைப்பார், வாலிமுனை. நல்லதண்ணித் தீவு என்று ஒன்று. உப்புத்தண்ணித் தீவு என்று பிறிதொன்று. இவ்விரு பெயரையும் இட்டவர் யாவர்? நிலப்படம் வரைந்தோர் அல்லர். படகை ஈர்த்துவிட்டு இறங்கி, மணலிற் கையால் ஊற்றுத் தோண்டி, ஊறிய நீரை வாயில் வைத்துப் பார்த்தவரே அப்பெயர்களை இட்டிருத்தல் கூடும். கரைச்சல்லி, விலங்குச்சல்லி, புலுவினிச்சல்லி என்பவற்றிலும் ஒரு பொருள் உண்டு. சல்லி என்பது சிறு கல். அலை உடைத்துக் கொணர்ந்து குவித்த பவளச் சல்லி மேடிட்டே இவை தீவாயின என்னும் செய்தியைக் கரையோர் தம் பெயரிலேயே வைத்துவிட்டனர் என்று எமக்குத் தோன்றுகிறது. ஆகவே இத்தீவுகளில் முதன்முதற் பாசறை இட்டவர் மாணவரும் அல்லர், ஆய்வாளரும் அல்லர். இதனை நண்பர் மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு வருவோம்.

விண்ணப்பம் விடுக்க விரும்புவோர் கூறுவதையும் நேர்மையாக எடுத்துரைத்தல் எம் கடன். கரையில் தங்கித் தீவைப் பார்ப்பது, விருந்து நடக்கும் வீட்டின் திண்ணையில் அமர்ந்து மணத்தை மட்டும் நுகர்வதை யொக்கும் என்கின்றனர். முன்னாளில் விலங்கியல் மாணவர் குருசடைக்குச் சென்றதில்லையா என்று வினவுகின்றனர். நாம் ஒரு கிளிஞ்சலையும் எடுத்துவர மாட்டோம், ஒரு மரக்கிளையையும் ஒடிக்க மாட்டோம், கண்ணாற் கண்டு கையேட்டில் எழுதிக்கொண்டு வருவோம். இதில் யார்க்கு என்ன கேடு என்பது அவர் வாதம். இன்னும் ஒருவர், ‘தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வேலை?’ என்றும் கேட்டார். கடைசி வினாவிற்கு முதலில் விடை கூறுவோம்; அதுதான் எம்மைச் சற்றே உறுத்துகின்றது.

நெய்தற்றிணையை நாம் எங்கே கற்கின்றோம்? கடலினின்று நெடுந்தொலைவில், மின்விசிறி சுழலும் மாடியறையில். ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு முழுவதையும் அம்மூவனார் பாடினார் என்று மனனஞ் செய்கின்றோம். அந்நூற்றுள் ஞாழற்பத்து ஒன்று. சிறுவெண்காக்கைப் பத்து ஒன்று. வெள்ளாங்குருகுப் பத்து ஒன்று. ஞாழல் யாது என்று கேட்டால் ஒருவகை மரம் என்போம். வெள்ளாங்குருகு யாது எனின் ஒருவகைப் பறவை. அடும்பு ஒருவகைக் கொடி. கண்டல் ஒருவகைத் தாவரம். இவ்வாறு ‘ஒருவகை’, ‘ஒருவகை’ என்று கூறியே பட்டம் பெற்று வெளியேறுதல் நமக்குள் வழக்கமாயிற்று. ஆனால் அடும்பு மணல்மேட்டின் மீது ஆட்டின் குளம்பு போன்ற பிளவிலையோடு இன்றும் படர்ந்து கிடக்கின்றது. அதனை மிதித்துக்கொண்டுதான் மீன்கூடை சுமப்போர் நடக்கின்றனர். சங்கப் புலவர் கூறிய பறவைகளை விலங்கியல் அறிவோடு ஒப்பிட்டு ஆராய்ந்து பி. எல். சாமி அவர்கள் நூலே எழுதியிருக்கின்றார். அத்தகைய நூலைக் கையிற் கொண்டு கரையில் நிற்கவேண்டிய மாணவர் நாமல்லரோ? சிறுவெண்காக்கை என்பது ஆலாவா, கடற்காக்கையா என்று வகுப்பில் ஒரு மணிநேரம் வழக்கிட்டோம். கடற்கரையில் இரண்டும் அருகருகே நிற்கும். வழக்குத் தீராவிடினும் வழக்கிடுவோர் கண்ணேனும் தெளியும்.

எற்பாடு நெய்தற்குரிய சிறுபொழுது என்பது இலக்கணம். சேரர் தொண்டியில் நின்றவனுக்கு ஞாயிறு நேரே கடலில் வீழும். மண்டபத்தில் நின்றவனுக்கோ கடல் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று; ஞாயிறு கரைநெடுகச் சென்று பனைகளின் பின்னே மறைகின்றது. தஞ்சைக் கரையிற் கடல் கிழக்கே கிடத்தலால், அங்கே எற்பாட்டில் ஒளியெல்லாம் நிலத்தின் பக்கமாகவே போய்விடும். கடல் முன்னதாகவே கறுக்கும். இரங்கற்பாட்டு எந்தக் கரையிற் பிறந்தது என்பதனால் அதன் நிறமும் வேறுபடுமோ? இவ்வையம் எமக்கு மாடியறையில் எழுந்ததில்லை.

சென்ற தை மாதம் எம் வகுப்பினர் ஐவர் மண்டபத்தை அடுத்த மீனவர் ஊரொன்றில் இரண்டு நாள் தங்கினோம். அங்கே எமக்கு வாய்த்த ஆசிரியர் எழுபது வயதைக் கடந்த படகோட்டி ஒருவர். தெற்குக் கடலைக் காட்டி, ‘இங்கிட்டு ஆண்கடலு தம்பி, அங்கிட்டு இருக்கே, அது பொண்ணுகடலு’ என்றார். மன்னார் வளைகுடா ஆண்; பாக்கு விரிகுடா பெண். காற்றுக்கு அவர் கூறிய பெயர்கள் வாடை, கொண்டல், சோளகம், கச்சான். இச்சொற்களை யாம் அகராதியிற் பார்த்ததுண்டு. ஒருவர் தம் வயிற்றுப்பாட்டின் பொருட்டு ஆளக் கேட்டதில்லை. தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் ஆண்கடல் கொந்தளிக்கும், அப்போது பெண்கடற் பக்கம் ஒதுங்குவர்; வாடை வந்துவிட்டால் பெண்கடல் சீறும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஒரே நிலத்தின் இருபுறமும் இருகடல் இருத்தலின் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒருபுறம் தொழிலுக்கு வழி உண்டாம். இந்த ஒரு செய்தியை அறியாத காரணத்தாலேயே ஆனி ஆடியில் இங்குப் பாசறையிட வருவோர் காற்றில் கூடாரத்தையும் மணலிற் சோற்றையும் இழப்பர் என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார்.

மறுநாள் விடியலில் கரைவலை இழுப்பதைக் கண்டோம். வலையின் இருதலைக் கயிற்றையும் இரு வரிசையாக நின்று ஈர்த்தனர்; நாங்களும் ஈர்த்தோம்; உள்ளங்கை சிவந்தது. வலை கரையேறியபின் மடியை விரித்துத் தரம் பிரிக்கும் அரைமணி நேரத்தில் எம்முடன் வந்த விலங்கியல் நண்பர் தம் கையேட்டில் நான்கு பக்கம் எழுதினார். அவர் எழுதியது இலத்தீன் பெயர். பக்கத்தே நின்ற சிறுவன் கூறியது தமிழ்ப்பெயர். அவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதிவைக்க ஒருவரும் இல்லை. படகு வலிக்கும்போதும் வலை இழுக்கும்போதும் பாடும் பாட்டிற்கு அம்பா என்று பெயர். எந்திரப் படகு பெருகியபின் அதனைப் பாடுவார் அருகி வருகின்றனர். ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர்தோறும் அலைந்தவர் வரலாற்றைப் போற்றிப் பேசும் நாம், நாவில் எஞ்சி நிற்கும் பாட்டை எழுதிக்கொள்ள ஒரு வாரம் ஒதுக்கலாகாதா? தமிழ் மாணவர்க்கு அங்கே என்ன வேலை என்று கேட்ட நண்பர்க்கு இவ்வளவு போதும்.

இனித் தீவிற்கு வருவோம். பாம்பன், மண்டபம் முதலிய ஊர்களின் அருகே கடற்பாசி பறித்து வாழும் பெண்டிர் பலர் உள்ளனர். மரிக்கொழுந்துப் பாசி என்பது ஒன்று. கட்டக்கோரை என்பது ஒன்று. சேலையின் மேல் ஆடவர் சட்டை அணிந்து, விரல்களிற் கந்தைத்துணி சுற்றி, கழுத்தளவு நீரில் மூழ்கி மூழ்கிப் பறித்து, இடுப்பிற் கட்டிய பையில் நிரப்புகின்றனர். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுப்பர். நுண்ணுயிர்களை வளர்க்க ஆய்வுக்கூடங்களிற் கண்ணாடித் தட்டில் ஊற்றி வைப்பது அகரே. கட்டக்கோரையினின்று எடுக்கும் பொருள் துணியச்சுத் தொழிலுக்குப் பயன்படுகின்றது. இத்தொழில் செய்வார் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளையொட்டிய பார்களிற் பறித்தனர்; தீவில் இறங்கிச் சமைத்தனர்; இரவு தங்கியும் வந்தனர். பூங்கா அமைந்தபின், அதிலும் 2000-க்குப் பின் காவல் மிகுந்த காலத்தில், அது குற்றமாயிற்று. சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்னும் பாசி பறிக்கும் பெண்மணி இவர்கள் உரிமைக்காகப் பேசியவர்; இனப்பெருக்கக் காலத்திற் பறியாது விடுதல் போன்ற கட்டுப்பாடுகளைப் பெண்டிர் தாமே மேற்கொள்ள முன்னின்றவர். அமெரிக்காவிலுள்ள சீக்காலஜி அமைப்பு 2015-இல் அவருக்குத் தன் பரிசை வழங்கிற்று.

நாங்கள் தங்கிய ஊரிலும் ஒரு பெண்மணி, உலர்த்திய பாசியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர், எம்மை நிமிர்ந்து பார்த்து, ‘ஏந் தம்பி, நீங்க படிக்கிறவுக. எழுதிக் கேட்டா தீவுல படுக்க விட்டுருவாகளா?’ என்றார். குத்தலாகக் கேட்டாரல்லர், அறியும் விருப்பாற் கேட்டார். ‘தெரியலையே அக்கா’ என்றோம். ஊர் திரும்பிச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காவலுக்குட்பட்ட இடத்தில் நுழைய இசைவு வழங்கத்தக்க காரணங்களைக் கூறுகின்றது: உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி, நிழற்படம் எடுத்தல், அறிவியல் ஆய்வு, சுற்றுலா, அங்கு வாழ்வாரோடு முறைப்படி அலுவல் நடத்துதல். நம் விண்ணப்பம் இவற்றுள் ஒன்றில் எளிதில் அடங்கும். கல்லூரி முத்திரையும் தலைவர் கையொப்பமும் உள்ள தாளுக்கு மதிப்பும் உண்டு. பசி அப்பட்டியில் இல்லை. ஆகவே ‘விட்டாலும் விடுவர் அக்கா’ என்பதே அவ்வம்மைக்கு நாம் கூறவேண்டிய விடை. அதனாலேதான் கேட்கலாகாது என்கின்றோம்.

‘அப்பெண்டிர் பவளத்தைச் சிதைக்கின்றனர், நாம் சிதைக்க மாட்டோம், இருவரையும் ஒரு தட்டில் வைத்தல் முறையோ?’ என்று ஒரு நண்பர் சினந்தார். சட்டத்தை யாம் பழிக்கவில்லை. இக்கடலுக்குக் காவல் வேண்டும் என்பதற்குச் சான்று வேறு வேண்டா. 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று நீரின் மேல் இல்லை. சுண்ணாம்பிற்காகவும் சிமிட்டிக்காகவும் பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டியெடுத்த காலம் ஒன்றிருந்தது. அலையைத் தடுத்த பாறை போனபின் தீவு தேய்ந்தது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேர். முப்பதாண்டுக்குள் அது 2 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கியது. 2015 தொடங்கிச் செயற்கைப் பாறைகளை நீரில் இறக்கி அதனைக் காத்து வருகின்றனர். பவளங்களை எடுப்பதற்குச் சட்டத்தின் முழுத் தடை 2001-இல் வந்தது. கடல்நீர் மிக வெதும்பிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிற் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன, பல மாண்டன. அந்த வெப்பத்திற்குப் பாசி பறிப்பவர் பொறுப்பாளரோ? மற்றொன்றும் கேளுங்கள். கப்பாஃபைகஸ் என்னும் அயற்பாசி 1990-களில் வளர்ப்பிற்கென்று மண்டபப் பக்கம் கொண்டுவரப்பட்டது. 2008-இல் அது குருசடையின் உயிர்ப்பவளங்களின் மீது பாய்விரித்தாற்போற் படர்ந்து மூடியிருக்கக் கண்டனர். அதனை இக்கடலுக்குக் கொணர்ந்தோர் விரலிற் கந்தை சுற்றியவர் அல்லர், நம்போற் படித்தவரே. படித்தவர் காலடி மெல்லியது என்னும் எண்ணத்தை இதனால் யாம் ஐயுறுகின்றோம்.

காலடி பற்றி மேலும் ஒரு சொல். கட்டியாக வளரும் பவளம் ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலோதான் வளரும். ஓர் இளைஞன் நீந்திக் களைத்து நிற்க இடந்தேடி ஊன்றும் ஒரு காலுக்கு, படகினின்று எறியும் ஒரு நங்கூரத்திற்கு, அது பல ஆண்டு வளர்ச்சியைக் கொடுத்துவிடும். பகலிற் சென்று மீள்வோர்க்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், இருபது பேர் இரண்டிரவு தங்குதல் எத்தகையது? விறகு எங்கிருந்து வரும்? குடிநீரும் சோறும் கழிவும் எங்கே போகும்? இரவில் ஒளி வேண்டும். ஒளியோ ஆமைக்குப் பகை. பங்குனி ஆமை தை மாசியிலிருந்து இருளிற் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். ஏறத்தாழ ஐம்பது நாளிற் குஞ்சுகள் வெளிவந்து, கடலின் மேலுள்ள மெல்லிய வெளிச்சத்தை நோக்கி ஓடும். அவ்வேளை நிலத்தின் பக்கம் ஒரு விளக்கோ நெருப்போ இருப்பின் அதனை நோக்கி ஓடிக் கெடும். தீவிற்கு மட்டுமன்று, கரைப் பாசறைக்கும் இது பொருந்தும். ஆதலின் கரையிலும் அலைவாயை அடுத்துக் கூடாரம் இடலாகாது. பனைவரிசைக்குப் பின்னே இடவேண்டும். கடற்கரையில் நெருப்பு மூட்டிச் சூழ அமர்ந்து பாடும் ஆசையை விட்டொழிக்க வேண்டும். இது சிலர்க்கு வருத்தமாக இருக்கும் என்பதை உணர்கின்றோம். ஆனால் நிலவுக்கு விளக்கு எதற்கு?

பாசறை என்று தமிழிற் கூறினோம். அவ்வூரில் முகாம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. மண்டபம் கேம்ப் என்று புகைவண்டி நிலையமே இருக்கின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகச் சென்ற தமிழரை நோய்த்தொற்றில்லை என்று அறியும்வரை நிறுத்திவைத்த இடம் அது, பெயர் அக்காலத்ததே. கடல்மீன் ஆராய்ச்சிக்கென 1947-இல் அமைந்த நடுவண் நிலையமும் 1949 முதல் 1971 வரை அங்கே தலைமை கொண்டிருந்தது. 1983-க்குப்பின் இலங்கையினின்று படகேறி வந்த தமிழ் அகதிகள் தங்கியதும் அம்முகாமிலேயே; 2022-இல் அந்நாட்டிற் பொருள்முடை நேர்ந்தபோது வந்தவர்களும் அங்கேயே சேர்க்கப்பட்டனர். ஆக, அவ்வூரார் காதில் முகாம் என்ற சொல் வீழ்ந்தால், காத்திருத்தலும் வரிசையும் பெயர்ப் பதிவும் நினைவில் எழும்; நமக்கோ விடுமுறை எழுகின்றது. இதனால் நாம் மகிழ்ச்சியின்றிச் செல்லவேண்டும் என்பதில்லை. போகும் மாணவர் எல்லாரும் அம்முகாமின் வரலாற்றைக் கேட்டறிந்த பின்னரே கூடாரத்து முளையை அடித்தல் நன்று என்பது மட்டுமே எம் விருப்பம். வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர் உடன்வந்தால் இதற்கு வழியுண்டு.

எம் திட்டம் இது. காலம், பொங்கல் கழிந்தபின் தை இறுதி அல்லது மாசித் தொடக்கம். வாடை தளர்ந்து ஆண்கடல் அடங்கியிருக்கும், மழை ஓய்ந்திருக்கும், வடபுலத்திலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிரா. தனுஷ்கோடிப் பக்கம் உப்பங்கழியிற் பூநாரைகள் இறங்குவதும் அப்போதே. தேர்வு நெருங்குகின்றதே எனின், ஐந்து நாளில் தேர்வு ஒன்றும் கெட்டுவிடாது. கெடுமாயின் அது முன்னரே கெட்டிருக்கும். இடம், ஊரார் இசைவோடு ஒரு தென்னந்தோப்பு. அதற்கு வாடகை கொடுக்கவேண்டும், இலவசமாகப் பெறுதல் கூடாது. தொகை, இருபது பேருக்கு மேற்படாது. அவருட் பாதி தமிழ் மாணவர். கடற்பூங்காவைக் காண, வனத்துறை எல்லார்க்கும் படகு விடும் இடத்தில் எல்லாரும் செலுத்தும் கட்டணத்தைச் செலுத்திப் பகலிற் சென்று மீள்வோம். விடாத இடத்திற்குச் செல்லோம். மற்றப்பொழுதெல்லாம் கரையே ஆய்வுக்கூடம். நீர் வற்றும்போது வெளிப்படும் பாறைக்குழிகள், அலை ஒதுக்கிய கடற்புற்குவியல், கண்டல் வேரிடை நண்டு, வலைமடி, மீன் ஏலம், படகு பழுதுபார்க்குமிடம் இவற்றையெல்லாம் கண்டு முடிக்க ஐந்து நாள் போதுமோ என்பதே ஐயம்.

படகோட்டும் முதியவரையும், பாசி பறிக்கும் அக்காமாரையும், வலைபொத்தும் பெரியோரையும் நாள்தோறும் இரண்டு மணிநேரம் நமக்குக் கற்பிக்க அழைக்கவேண்டும்; கல்லூரிக்கு வந்து சொற்பொழிவாற்றும் அறிஞர்க்கு வழங்கும் மதிப்பூதியத்தை அவர்க்கும் குறையாமல் வழங்கவேண்டும். இதனை வள்ளன்மையாகக் கருதுவார் வரவேண்டா. விலங்கியல் மாணவர் உயிரின் இலத்தீன் பெயரை எழுதுக. தமிழ் மாணவர் அவ்வூர்ப் பெயரையும், அப்பெயரைக் கூறியவர் அதனை ஆண்ட தொடரையும் எழுதுக. மீன், பாசி, சங்கு, காற்று, நீரோட்டம், படகின் உறுப்பு என்று பகுத்து எழுதினால் முதலாண்டிலேயே சில நூறு சொல் சேரும். அவற்றை அடுத்த மலரில் வெளியிட நான்கு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவினரை இப்போதே வேண்டிக்கொள்கின்றோம். அச்சிட்ட படி ஒன்று அவ்வூர்ப் பள்ளிக்கும் போகவேண்டும். பிழையிருப்பின் அங்கேதான் திருத்துவர்.

கூடாரங்களைப் பற்றிக் கவலை வேண்டா. விடுதிப் பண்டகசாலையிற் பழைய துணிக்கூடாரம் நான்கு கிடக்கின்றன. சென்ற வாரம் பிரித்துப் பார்த்தோம். துணி நன்றாகவே இருக்கின்றது. இரண்டின் கயிறுதான் இற்றுப்போயிருக்கின்றது. நாம் போகுமிடத்திற் கயிறு கிடைக்காத பொருளன்று. முடிச்சிடக் கற்பிப்பவரும் அங்கேயே இருக்கின்றனர்.